தெருவின் வரைபடத்தை யார் போடுவது? மூன்று வழிகள், ஓர் அலசல்

தெருவைச் சீரமைக்க நிதி ஒதுக்கியதுமே நடைபாதைக் கல்லின் நிறம், விளக்குக் கம்பத்தின் வடிவம் என்று பேச்சு கிளம்பிவிடும். அதற்கு முன்பே நகர நிர்வாகம் முடிவெடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: டிராயிங்கை யார் போடுவது? வழிகள் மூன்று. நிர்வாகத்தின் சொந்தப் பொறியாளர்களே வரையலாம். வெளியிலிருந்து கன்சல்டன்டை அமர்த்தி வரையச் சொல்லி, கட்டுமானத்துக்குத் தனி டெண்டர் விடலாம். அல்லது வடிவமைப்பு, கட்டுமானம் இரண்டையும் சேர்த்து ஒரே ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிடலாம். என் ஓட்டு இரண்டாவது வழிக்கு, சில கறாரான நிபந்தனைகளோடு.

காலி நிலத்தில் புதுச் சாலை போடும் கணக்கு பழைய தெருவுக்குச் செல்லாது. ஓர் உதாரணம் பார்ப்போம். 3 மீட்டர் அகல நடைபாதை, தண்ணீர் வடிய 2 சதவீதச் சரிவு. வீட்டு வாசலிலிருந்து நடைபாதை ஓரக்கல்வரை 6 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். ஓரக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டர். ஆக, சாலையின் ஓரம் வாசற்படியைவிட 21 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். மேலே மேலே தார் போட்டு உயர்ந்துவிட்ட தெருவில் அந்த வித்தியாசம் 10 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்று வையுங்கள். சாலையை 11 சென்டிமீட்டர் சுரண்டி இறக்க வேண்டும். இல்லையென்றால் ஓரக்கல்லைத் தாழ்த்த வேண்டும். இறக்கினால் மேன்ஹோல் மூடிகளையும் சேர்த்து இறக்க வேண்டும், ஆழமில்லாமல் புதைத்த கேபிள்கள் தலைகாட்டும். இதையெல்லாம் யோசிக்காமல் போட்ட நடைபாதை, முதல் மழையிலேயே தண்ணீரை வீட்டுக்குள் அனுப்பிவிடும். 20 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு (தெருவின் அகலவாட்டு உயர அளவு) என்று எடுக்கும் சர்வேயில் இது சிக்காது. ஒவ்வொரு வாசலுக்கும் லெவல் எடுத்திருக்க வேண்டும். மூன்று வழிகளில் எது நல்லது என்பதை, இந்த வேலையை எது பொறுமையாகச் செய்ய விடுகிறது என்பதை வைத்துத்தான் நான் எடைபோடுகிறேன்.

சொந்தப் பொறியாளர்களின் பலம் உள்ளூர் அறிவு. எந்த முனையில் தண்ணீர் தேங்கும், எந்த வால்வு பழுதாகிக் கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நாளைக்குப் பராமரிக்கப் போவதும் அவர்களே. ஆனால் அன்றாடப் புகார்களுக்கு ஓடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. அவசரத்தில் பழைய திட்டத்தின் குறுக்குவெட்டு அப்படியே புதிய தெருவுக்கு வந்துவிடும். நேரான, சிறிய, ஒரே மாதிரியான தெருக்களுக்கு இந்த வழி போதும்.

மூன்றாவது வழியின் கவர்ச்சி பெரியது. ஒரே பொறுப்பாளி, ஒரே விலை, சீக்கிரம் முடியும் என்ற வாக்குறுதி. ஃபிடிக் என்ற பன்னாட்டுப் பொறியியல் ஆலோசகர்கள் கூட்டமைப்பு வெளியிட்டு, உலகெங்கும் புழங்கும் மாதிரி ஒப்பந்தங்களில் இதற்கென்று மஞ்சள் புத்தகம் இருக்கிறது. வேலை கொடுப்பவரே வடிவமைக்கும் திட்டங்களுக்குச் சிவப்புப் புத்தகம். பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று: மஞ்சள் புத்தகத்திலும், முன்கூட்டியே அறிய முடியாத நிலத்தடித் தடை குறுக்கிட்டால் ஒப்பந்ததாரர் கூடுதல் பணமும் காலமும் கேட்கலாம். அந்தச் சுமையையும் அவர் தலையில் ஏற்றும் வெள்ளிப் புத்தகம் தனியாக இருக்கிறது. அதை எடுத்தால், தெரியாத ஆபத்துக்கும் சேர்த்துத்தான் அவர் விலை சொல்வார். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவரை ‘ஒரே விலை’ என்பது வெறும் பேச்சு.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர டிராம் திட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். டிராம் என்றாலும் நகரத்துக்குள் அது முழுக்கத் தெருவை உடைத்துக் கட்டும் வேலை. கட்டுமானம் தொடங்குமுன் வடிவமைப்பும் நிலத்தடிக் குழாய்களை இடம் மாற்றுவதும் முடிந்துவிடும் என்பதுதான் ஆரம்பத் திட்டம். இரண்டும் முடியாமலே 2008 மே மாதம் கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தானது. வடிவமைப்பு ஒப்பந்தமும் கட்டுமானக் கூட்டமைப்பின் கைக்கு மாற்றப்பட்டது. அதன்பின் எந்த மாற்றத்துக்கு யார் பணம் கொடுப்பது என்று தகராறுமேல் தகராறு. 54.5 கோடி பவுண்டு என்று கணக்கிட்ட திட்டம், 77.6 கோடி பவுண்டு செலவில், பாதையைக் குறைத்துக்கொண்டு 2014 மே 31 அன்று ஓடத் தொடங்கியது. முதலில் திட்டமிட்டு வெட்டப்பட்ட பாதையிலுள்ள நியூஹேவன்வரை டிராம் போய்ச் சேர 2023 ஜூன் ஆயிற்று. அரைகுறை டிராயிங்கை ஒப்பந்ததாரரிடம் தள்ளிவிட்டால் ஆபத்தும் கூடவே போய்விடும் என்று நம்பும் எந்த நிர்வாகமும் இந்தக் கதையைப் படிக்க வேண்டும். இரண்டு ஆண்டு சேமிக்கப் போய் ஊரையே தோண்டிப் போட்டு வைப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

இனி இரண்டாவது வழி. இதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. முதலாவது, கன்சல்டன்டைத் தேர்ந்தெடுக்கும் முறை. குறைந்த கட்டணம் கேட்டவருக்கே வேலை என்றால், அவர் எதைக் குறைத்து அந்த விலைக்கு வருவார்? களத்தில் நிற்கும் நேரத்தை. வாசல் லெவல் எடுக்க ஆள் அனுப்பமாட்டார். அமெரிக்காவில் 1972இல் வந்த ப்ரூக்ஸ் சட்டம் இதை வேறு விதமாகக் கையாள்கிறது: மத்திய அரசு வேலைகளில் தகுதியை வைத்து முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கட்டணம் பேசுவது அதற்குப் பிறகுதான். எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. வடிவமைப்புக் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பங்கு. அங்கே மிச்சம் பிடித்தால் கட்டுமானத்தில் பல மடங்காகக் கொடுக்க நேரும். கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வைப்பதும் வேண்டாம். எஸ்டிமேட் ஏற ஏற அவருடைய பங்கும் ஏறும்.

அடுத்தது, பூமிக்குள் பார்ப்பது. அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் 38ஆம் தர விதி, நிலத்தடித் தகவலை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. பழைய ஆவணங்களை மட்டும் நம்புவது கடைசிப் படி. அதற்கு மேல், தரையில் தெரியும் மூடிகளையும் வால்வுகளையும் அளந்து ஒப்பிடுவது. அடுத்து ரேடார் போன்ற கருவிகளால் தேடுவது. எல்லாவற்றுக்கும் மேலே, சிறு குழி தோண்டிக் குழாயைக் கண்ணால் பார்த்து ஆழம் குறிப்பது. அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்துக்காகப் பர்டூ பல்கலைக்கழகம் 1999இல் 71 திட்டங்களை ஆராய்ந்தபோது, இத்தகைய ஆய்வுக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 4.62 டாலர் மிச்சமானது தெரிந்தது. தெரு முழுக்கக் குழி தோண்டத் தேவையில்லை. புதிய வடிகால், கேபிள், மரக்குழி ஆகியவை பழைய குழாய்களோடு மோதும் இடங்களில் தோண்டினால் போதும். இந்த ஆய்வைக் கன்சல்டன்டின் தலையில் கட்டாமல் நிர்வாகமே தனியாகச் செய்து, முடிவுகளை அவர் கையில் கொடுப்பது உத்தமம்.

மூன்றாவது நிபந்தனை, வடிவமைப்பை 30, 60, 90 சதவீத நிலைகளில் நிறுத்திப் பார்ப்பது. 30இல்தான் உண்மையான சண்டை நடக்க வேண்டும்: நடைபாதை அகலம், தண்ணீர் ஓடும் திசை, எந்த மரம் நிற்கும், பேருந்து எங்கே நிற்கும். குடிநீர், மின்சாரம், தொலைத்தொடர்பு ஆட்களும் அன்றே மேசையில் இருக்க வேண்டும். 90இல் வந்து ‘எங்கள் குழாய் இந்த வழியாகப் போகிறதே’ என்று சொன்னால் அத்தனை தாளும் வீண். அகலத்திலேயே ஒத்துப் போகவில்லையா? பெயின்ட்டும் தற்காலிகத் தடுப்புகளும் வைத்துச் சில மாதம் ஓட்டிப் பார்க்கலாம். நியூயார்க் 2009இல் டைம்ஸ் சதுக்கத்தை அப்படித்தான் வாகனங்களிடமிருந்து மீட்டது. நிரந்தரக் கட்டுமானம் பிறகுதான் வந்தது.

இவை எல்லாவற்றுக்கும், டிராயிங்கை வாசிக்கத் தெரிந்த, ‘இது ஆகாது’ என்று சொல்லும் அதிகாரமுள்ள ஒரு பொறியாளர் நிர்வாகத்துக்குள் வேண்டும். அவர் திட்டம் முடியும்வரை மாறக்கூடாது. எல்லா வேலையையும் வெளியே கொடுத்துவிட்டுப் பொறியியல் பிரிவைக் காலி செய்யும் நகரங்களில் கன்சல்டன்ட் சொன்னதே வேதம். கன்சல்டன்டும் டிராயிங்கைக் கொடுத்ததோடு கைகழுவக்கூடாது. தோண்டும்போது எதிர்பாராத குழாய் வந்தால் அன்றே வந்து பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கட்டியபின் எது எங்கே எந்த ஆழத்தில் இருக்கிறது என்ற இறுதி வரைபடம் நிர்வாகத்தின் கைக்கு வரும்வரை, அவருக்கும் ஒப்பந்ததாரருக்கும் கடைசித் தவணையை விடுவிக்காதீர்கள்.