சயனோடைப் படத்தைக் கறுக்க வைக்கத் தேயிலையா, கடுக்காயா?

இரும்பு உப்புக் கரைசலைத் தாளில் பூசி வெயிலில் எடுக்கும் நீலநிறப் புகைப்படமே சயனோடைப். அதன் நீலத்தைக் கருநிறமாக மாற்றத் துவர்ப்புச் சத்துள்ள சாற்றில் ஊறவைப்பது பழைய வழி. பெரும்பாலோர் அதற்குத் தேயிலையையே சொல்கிறார்கள். வேலூரில் இருக்கும் நான் இரண்டையும் செய்து பார்த்துவிட்டுக் கடுக்காய்க்கு மாறிவிட்டேன்.

எதில் ஊறவைத்தாலும் முதலில் அழுத்தமான படம் வேண்டும். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரின் காரத்தன்மை நீலத்தை அரிக்கும் என்பதால், முதல் அலசலுக்குக் கேன் தண்ணீரில் சிறிது லெமன் சால்ட்டைக் (சிட்ரிக் அமிலம்) கரைத்துக்கொள்வது நல்லது. இடைநிறங்களும் கூடுதலாகத் தங்கும். நெகட்டிவ் மங்கலாக இருந்தால் பூச்சுக் கரைசலில் பொட்டாசியம் டைகுரோமேட் என்ற குரோமிய உப்புக் கரைசலைச் சில சொட்டு சேர்ப்பவர்கள் உண்டு. குரோமியக் கழிவு இராணிப்பேட்டையின் நிலத்தடி நீரை என்ன செய்தது என்று தெரிந்த பிறகு அதை வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை.

சலவைச் சோடா கரைத்த நீரில் படத்தை அமிழ்த்தினால் நீலம் சிதைந்து, இரும்பு வெளிர்மஞ்சளாகத் தாளிலேயே தங்கிவிடும். நன்றாக அலசிய பின் துவர்ப்புச் சாற்றில் இட்டால் அந்த இரும்பும் சாற்றின் துவர்ப்புச் சத்தான டானினும் கூடிக் கருமை பிறக்கும். இதுவரை இரண்டுக்கும் வேறுபாடில்லை.

வேறுபாடு வெள்ளையில் இருக்கிறது. கருமை எவ்வளவு ஆழமாக இருந்தாலும், தாளின் வெண்மை மங்கிவிட்டால் படத்தில் எடுப்பு இராது. தேயிலைச் சாறு தானே செம்பழுப்பு நிறமுடையது. இரும்பே இல்லாத இடத்திலும் தாளின் நாரில் ஏறிக்கொள்ளும். முருங்கை இலையை வைத்து எடுத்த ஒரு படத்தை இரண்டாக வெட்டி ஊறவைத்தபோது, தேயிலைப் பாதியில் வெள்ளையாகப் பதிந்திருந்த காம்பும் இலைகளும் கோதுமை நிறத்துக்கு இறங்கிவிட்டன. கடுக்காய்ப் பாதியிலோ மெல்லிய மஞ்சள் மட்டுமே தெரிந்தது. அதையும் அடுத்த அலசல் பெருமளவு எடுத்துவிட்டது. கருமையிலும் தேயிலை பழுப்பின் பக்கம் சாய, கடுக்காய் நீலம் கலந்த மைக்கறுப்பைத் தந்தது.

தோல் தொழிலுக்கு இது புதிதன்று. குரோம் முறை பரவுவதற்கு முன் இந்தப் பகுதியில் ஆவாரம் பட்டையில் தோலைப் பதனிட்டார்கள். அந்தத் தோல் வெயில் பட்டால் சிவக்கும் என்பதால், நிறம் காக்க இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் இடுவார்கள்.

கடுக்காயில் வேலை கொஞ்சம் கூடுதல். ‘கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்று மருந்துக்கு விதையை நீக்குவார்கள்; டானின் காயின் தோலிலேயே மிகுதி என்பதால் இங்கும் விதை வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடுக்காய்த் தூளைப் பயன்படுத்துவதானால் வெந்நீரில் ஊறவைத்துத் துணியில் இருமுறை வடிகட்ட வேண்டும். இல்லையேல் துகள்கள் தாளில் புள்ளியாகப் பதியும். இரும்புச் சட்டி கூடவே கூடாது, சாறு பாத்திரத்திலேயே கறுத்துவிடும். தேயிலைக்கு இந்தப் பாடில்லை, காய்ச்சி ஆறவைத்தால் போதும்.

மனித முகங்களுக்கும் பழுப்பேறிய கைத்தாளுக்கும் தேயிலையின் இளஞ்சூடான நிறம் பொருந்துகிறது. அங்கே கடுக்காய்க்காக மெனக்கெட வேண்டியதில்லை. நீடித்து நிற்பதைப் பொறுத்தவரை என் அனுபவம் குறைவு. சுவரில் மாட்டிய கடுக்காய்ப் படங்கள் எவையும் இன்னும் ஒரு முழுக் கோடையைக் காணவில்லை. ஆகவே விற்பனைக்குரிய படங்களை இப்போதைக்கு நீலமாகவே விட்டு வைக்கிறேன்.