டோபாரில் குறையில்லை, அந்த வெள்ளை ஒயரில்தான்

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, என் பழைய வண்டிக்கும் டோபார் போட்டுடலாமா? இப்போ விலை குறைச்சிருக்காங்க" என்றான். டோபார் என்றால் ட்ரெய்லரை மாட்டி இழுக்க வண்டியின் பின்னால் பொருத்தும் இரும்புச் சட்டம். முந்தின நாள்தான் அதே டோபாரின் ஒயரிங்குக்கு மூன்றாவது முறையாகப் பணம் கட்டிவிட்டு வந்திருந்தேன். அந்தக் கோபத்தில் பதில் சொல்ல வேண்டாம் என்று, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது.

என் வண்டி 2008 டொயோட்டா ஃபார்ச்சூனர், மூன்று லிட்டர் டீசல். டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத பிராஸ்பெக்டன் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. டோபார் போட்டு ஆறு வருடம் ஆகிறது. இரும்பு வேலையில் ஒரு சொல் குறை சொல்ல முடியாது. தனிச் சாசி, அதாவது தனி இரும்பு அடிச்சட்டம், உள்ள வண்டி என்பதால் பாரை இரண்டு பக்கச் சாசித் தண்டிலும் நேராகப் போல்ட் போட்டுப் பிடித்தார்கள். தலையில் 8.8 என்று பலத்தின் தரம் பொறித்த போல்ட்டுகள். முதல் பயணம் போய் வந்ததும் நானே ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் கொஞ்சம் இறங்கியது, அதன் பிறகு எதுவும் அசையவில்லை. டர்பன் உப்புக் காற்று அடிப்பாகத்தை என்ன செய்யும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை கழுவித் துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறேன், அவ்வளவுதான் செலவு.

இழுவையும் அருமை. டிராகன்ஸ்பெர்க் மலைக்குப் போகும்போது பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி என்3 நெடுஞ்சாலை டவுன் ஹில் என்ற மேட்டில் ஏறுமே, அங்கே பின்னால் ட்ரெய்லர் நிறையச் சாமான் இருந்தும் மூன்றாவது கியரில் சீராக ஏறுகிறது. பாரம் முழுவதையும் ட்ரெய்லரின் பின்பக்கம் ஏற்றாமல், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அழுந்துகிற மாதிரி அடுக்கினால் வால் ஆடாது. முதல் தடவை இதைச் சரியாக அடுக்கி ஓட்டியபோது, பின்னால் ட்ரெய்லர் இருப்பதே மறந்துபோயிற்று. அந்தச் சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

இனி வெள்ளை ஒயர். ட்ரெய்லர் விளக்குகளை வண்டியோடு இணைக்கும் ஏழு முனை பிளக்கில் மூன்றாவது முனை எர்த், வெள்ளை ஒயர் அதற்குத்தான். ட்ரெய்லரின் பிரேக் லைட், இண்டிகேட்டர், பின் விளக்கு எல்லாவற்றின் கரண்டும் திரும்பி வரும் ஒரே வழி அதுதான். அந்த வழி அடைபட்டால் கரண்ட் வேறு பல்புகள் வழியாகச் சுற்றித் திரும்பப் பார்க்கும். போன வருடம் ஆடி மாதம், இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குக் கூழ் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலை இருட்டில் ஹிகின்சன் ஹைவேயில் போகிறோம். பின்னால் வந்த தம்பி போன் செய்தான்: "அண்ணா, நீ பிரேக் போட்டா ரெண்டு பக்க இண்டிகேட்டரும் மினுக்குது, எந்தப் பக்கம் திரும்புறேன்னே தெரியல." ட்ரெய்லரில் கொதிக்கக் கொதிக்கக் கூழ், வண்டிக்குள் அம்மாவும் குழந்தைகளும். ஓரமாக நிறுத்தி, மீதித் தூரம் தம்பியைப் பின்னாலேயே விளக்குப் போட்டு வரச் சொல்லித்தான் போய்ச் சேர்ந்தேன்.

பொருத்திய கடைக்கு இரண்டு முறை கொண்டுபோனேன். முதல் முறை சாக்கெட்டை மாற்றினார்கள். இரண்டாம் முறை பல்புகளை மாற்றினார்கள். இரண்டு முறையும் "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றார்கள். எனக்கு ஆறாதது இந்த வார்த்தைதான். ஒயரிங்குக்குப் பழைய வண்டிதான் சுலபம். ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஒயர் வருகிறது, பின் விளக்குக்குப் பின்னால் இணைத்தால் முடிந்தது. புது வண்டிகளுக்குத்தான் கம்ப்யூட்டர் குழம்பாமல் இருக்கத் தனி மாட்யூல் தேவை. வண்டியின் வயதைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள்.

மூன்றாவதாகப் பார்த்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பெரியவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே ஒரு தகர ஸ்க்ரூவால் முடுக்கியிருந்தார்கள். உப்புக் காற்றில் அந்த ஸ்க்ரூ பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவர் பெயின்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில் தடித்த ஒயரை வளைய முனை வைத்துப் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் பூசினார். ட்ரெய்லர் பக்கமும் எர்த்தை, ட்ரெய்லர் மாட்டும் கொக்கியின் இரும்புப் பந்தை நம்பி விடாமல் பிளக் வரை தனி ஒயராக இழுத்தார். பந்தில் கிரீஸ் இருக்கும், கரண்ட் ஒழுங்காகப் போகாது என்றார். இப்போது விளக்கு ஒவ்வொன்றும் கணீரென்று எரிகிறது.

ஆகவே மருமகனே, நல்ல பொருள், நல்ல இழுவை, ஆறு வருடத்தில் ஒரு போல்ட் கூட ஏமாற்றவில்லை. ஆனாலும் உன் வண்டிக்கு இப்போது போடாதே. விலை குறைத்திருக்கும் கடை எதுவென்று கேட்டேன் அல்லவா, அது அதே கடை. உன் சாதாரண பி லைசன்ஸுக்கு 750 கிலோ ட்ரெய்லர் வரைக்கும்தான் அனுமதி, உனக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. வருகிற ஆடிக்கு அண்டாக்களை என் வண்டியிலேயே ஏற்று. கிளம்பும் முன் நான் பிரேக்கை மிதிக்கிறேன், நீ பின்னால் நின்று இடது, வலது, பிரேக் மூன்றையும் பார்த்துச் சொல்.