கிணற்று நீச்சல் பழகியவர்களுக்கு எது சரி: கருவியா, டிரில்லா?

பாலாற்றில் வருடத்தில் பெரும்பகுதி மணல்தான். அதனால் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் நீச்சல் தெரிந்தவர்களில் பலர் கிணற்றில் பழகியவர்கள். இடுப்பில் லாரி டியூபைக் கட்டி மாமாவோ சித்தப்பாவோ தள்ளிவிட்டதில் வந்த நீச்சல். தைரியம் வரும், தம் கட்டவும் வரும். ஆனால் தலை தண்ணீருக்கு மேலேயே நிற்கும். மேலிருந்து எவன் குதிப்பான் என்று பார்த்துக்கொண்டே நீந்த வேண்டிய இடமாயிற்றே! நாலு கை வீசினால் எதிர்ச்சுவர் வந்துவிடும், கையை முழுசாக நீட்டி இழுக்கும் தேவையும் இல்லை.

அதே ஆள் 25 மீட்டர் குளத்தில் பிரீஸ்டைல் அடித்தால் பாதியில் மூச்சு வாங்குகிறது. தலை தூக்கினால் இடுப்பும் காலும் தாழும். தாழ்ந்த உடம்பைத் தண்ணீர் பிடித்து இழுக்கும்.

இதற்கு முதலில் கையில் திணிக்கப்படுவது கிக்போர்டு, அதாவது பிடித்துக்கொண்டு உதைத்துப் பழகும் மிதவைப் பலகை. இவர்களுக்கு அது வேண்டாம் என்பேன். பலகையைப் பிடித்ததும் முகம் தானாக நிமிர்கிறது, பழைய பழக்கத்துக்கே பயிற்சி கிடைக்கிறது. பதிலாக ஒரு டிரில், அதாவது நீச்சலின் ஒரு பகுதியை மட்டும் பிரித்துப் பழகும் பயிற்சி: பக்கவாட்டில் படுத்து, கீழ்க்கையை முன்னால் நீட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து ஆறு உதை. பிறகு ஒரு கை வீசி மறுபக்கம் திரும்பி மறுபடி ஆறு. செலவே இல்லை, தலையும் அடங்கும்.

புல் பாய் (pull buoy) என்ற மிதவைக் கட்டையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கினால் கால் மிதந்து, திடீரென்று நன்றாக நீந்துவதுபோலத் தோன்றும். எடுத்துவிட்டால் கால் பழையபடி கீழே. உடம்பு மட்டமாகக் கிடப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஓரிரு சுற்று போதும். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ், அதிலும் குட்டை ஃபின்ஸ், இதைவிட மேல். கால் வேலை செய்துகொண்டே இருக்கும், வேகமும் கிடைப்பதால் கையைக் கவனிக்க நிதானம் வரும். நீள ஃபின்ஸ் உதையையே மந்தமாக்கிவிடும்.

உண்மையான போட்டி கை விஷயத்தில்தான். உள்ளங்கையில் மாட்டும் தட்டையான பேடில் கையின் பரப்பைக் கூட்டுகிறது. ஒவ்வொரு இழுப்பிலும் தண்ணீர் கனமாகப் பிடிபடும். அந்தக் கனம் முழுக்கத் தோளில் இறங்குகிறது. கையைக் குறுக்கே வீசி, முழங்கையைத் தொங்கவிட்டு இழுப்பவர் பேடில் மாட்டினால், அந்தத் தப்பையே பலமாகச் செய்வார், தோள்வலியும் சேரும். மூடிய கை டிரில் இதற்கு நேர் எதிர். முஷ்டியை இறுக்கி நீந்தினால் உள்ளங்கை உதவாது, தண்ணீர் நழுவிக்கொண்டே போகும். வேறு வழியில்லாமல் முழங்கை உயர்ந்து, முன்னங்கையால் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கும். அரைக் குளம் இப்படிப் போய், நடுவில் விரல்களைத் திறந்து பாருங்கள், உள்ளங்கையே துடுப்பானதுபோல் இருக்கும்.

ஆனாலும் பேடிலில் ஒரு நல்ல சூட்சுமம் உண்டு. மணிக்கட்டு வாரைக் கழற்றிவிட்டு விரல் வாரில் மட்டும் மாட்ட வேண்டும். கை கோணலாகத் தண்ணீரில் இறங்கினாலோ, இழுப்பு நடுவில் தளர்ந்தாலோ பேடில் கழன்றுவிடும். கோச் கத்தாமலே தப்பு தெரியும். உள்ளங்கையைவிடக் கொஞ்சமே பெரிதான அளவு போதும்.

கேட்ச்-அப் டிரில், அதாவது ஒரு கை முன்னால் வந்து சேரும்வரை மற்றது காத்திருப்பது, கையை நீட்டக் கற்றுத்தரும். அதிகமானால் ஒவ்வொரு வீச்சிலும் நின்று நின்று போகும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடியே மூச்சுவிட உதவும் குழாயான முன்பக்க ஸ்நார்க்கல் தலையை அசையாமல் வைக்க நல்லதுதான், ஆனால் கிணற்றுக்காரர் கற்க வேண்டியதே தலை தூக்காமல் பக்கவாட்டில் மூச்செடுப்பது. அதைத் தள்ளிப்போடும் கருவிக்கு இப்போதே ஏன் காசு?

அதனால் முதல் மாதம் வெறுங்கை டிரில் மட்டும். 25 மீட்டருக்கு எத்தனை கை வீச்சு என்று எண்ணுங்கள். நேரம் கூடாமல் எண்ணிக்கை குறைந்தால் வழி சரி. அப்புறம் குட்டை ஃபின்ஸ், கடைசியாகப் பேடில். அதையும் மே மாத விடுமுறைக் கூட்டத்தில் மாட்டாதீர்கள், பக்கத்து லேன் பையன் முகத்தில் பட்டால் நன்றாகவே வலிக்கும்.