கப்பல் கிளம்பியதும் முடிந்துவிடும் நாவல்கள்

பைண்டிங் பிரிந்துபோயிருந்த 'நீர்வழிப் படூஉம்' நாவல் நேற்றுதான் கைக்குத் திரும்பி வந்தது. தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் ஈரக்காற்றுக்கு எந்தப் பசையும் தாங்காது. இரண்டு கோடை போனால் அட்டை ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம். கிரே ஸ்ட்ரீட் பக்கம் பழைய தேவாரப் புத்தகங்களைச் சரி செய்து கொடுக்கும் பெரியவர் ஒருவர் நூல் போட்டுத் தைத்து, முதுகுக்குத் துணி ஒட்டிக் கொடுத்தார். அதே நாள் சாயங்காலம் ஜோகன்னஸ்பர்க் தோழி கேட்டாள்: "ஜனவரியில் சென்னை போறேன். புத்தகக் காட்சியில் என்ன நாவல் வாங்கலாம்? பெட்டியில் நாலு புத்தகத்துக்குத்தான் இடம் இருக்கு." அவளுக்கு எழுத உட்கார்ந்தது இப்படி நீண்டுவிட்டது.

இந்த நாவல்களையெல்லாம் நான் எப்படி வாசித்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2022, 2023 இரண்டு வருடமும் இங்கே லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தது. ஒரு முறை மின்சாரம் போனால் திரும்ப இரண்டு மணி நேரம், சில நாள் நாலு மணி நேரம்கூட ஆகும். டிவி கிடையாது. அத்தைக்கு 84 வயது. மவுண்ட் எட்ஜ்கம்ப் கரும்புத் தோட்டக் குடியிருப்பில் பிறந்து, பாட்டியிடம் தமிழ் பேசி வளர்ந்தவர். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு சாட்ஸ்வொர்த் வந்தவள். சார்ஜர் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு அவருக்கு உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். உரக்க வாசித்தால் ஒரு நாவல் எங்கே சுருதி தப்புகிறது என்று உடனே தெரிந்துவிடும். கண்ணால் தாண்டிப் போகிற பக்கத்தை வாயால் தாண்ட முடியாது.

துப்பறியும் நாவல்கள் அவருக்குப் பிடித்தன, எனக்கும்தான். ஒரு ராத்திரிக்கு ஒன்று முடிந்துவிடும், மறுநாள் பெயர்கூட நினைவிருக்காது. அறிவியல் புனைகதை இரண்டு முயன்றோம். கருவியின் விளக்கம் வரும் இடமெல்லாம் அத்தை தூங்கிவிட்டார். குடும்ப நாவல்களில் பேச்சு நன்றாக இருக்கும், எழுப்பி உட்கார வைக்கும். ஆனால் எல்லாவற்றிலும் வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவர் வந்துவிடுகிறார், அவருக்கு ஒரு பெட்டியைத் தவிர வேறு ஒன்றும் இருப்பதில்லை. இமையத்தின் 'செல்லாத பண'த்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னார். தீக்காயப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் அப்பா அம்மாவை அவரால் தாங்க முடியவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு தங்கையை இழந்தவர் அவர். மீதியை நான் தனியாகப் படித்தேன். நன்றாக எழுதப்பட்ட நாவல்தான், மறுபடி எடுக்கத்தான் கை போகவில்லை.

தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' பற்றி மட்டும் எவ்வளவு சொன்னாலும் எனக்கு ஆசை தீராது. 2023-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். விருதுப் பட்டியலைப் பார்த்துப் பயந்துகொண்டேதான் வாங்கச் சொன்னேன். கொங்குப் பக்கத்துக் குடிநாவிதர் குடும்பம், காரு மாமா, அவருடைய சாவு, அதற்குக் கூடும் உறவுகள். அவ்வளவுதான் கதை. அக்கா, பெரியம்மா, மாமன், மச்சான் என்று உறவுப் பெயர்கள் அடுக்கிக்கொண்டே போகும்போது நான் இரண்டு இடத்தில் குழம்பினேன், அத்தை ஒரு இடத்தில்கூடக் குழம்பவில்லை. கவுண்டர் என்ற சொல் வரும்போதெல்லாம், "நம்ம கவெண்டர்தானே?" என்று கேட்டுக்கொண்டார். கவுண்டர்தான் இங்கே கவெண்டராகிப் பிறப்புச் சான்றிதழ் வரை ஏறியிருக்கிறது. கடைசிப் பக்கம் முடிந்ததும், "மாமாவுக்குப் பதினாறாம் நாள் யார் செஞ்சாங்க?" என்றார். நாங்கள் இங்கே தமிழைப் பாதி தொலைத்திருக்கிறோம், பதினாறாம் நாளை மட்டும் தொலைக்கவில்லை. தலைப்பு வருகிற புறநானூற்றுப் பாட்டுத்தான் 'யாதும் ஊரே'. எங்கள் விழா மேடைகளில் அந்த முதல் வரி தவறாமல் வரும். ஆற்றுநீர் போகிற வழியே போகும் தெப்பத்தைப் பற்றி அதே பாட்டு சொல்வதை நான் ஒரு மேடையிலும் கேட்டதில்லை.

சரி, இனி என் கோபத்துக்கு வருகிறேன். மூன்று வருடமாக மனதில் உறுத்திக்கொண்டிருப்பது இது ஒன்றுதான்.

ஜெயமோகனின் 'வெள்ளை யானை' 2013-ல் வந்தது. இந்த வரிசையில் கொஞ்சம் பழையது. தாது வருஷப் பஞ்சம், மெட்ராஸ், ஐஸ் ஹவுஸில் அமெரிக்கப் பனிக்கட்டியை உடைக்கும் கூலிகளின் போராட்டம், மனச்சாட்சி உறுத்தும் எய்டன் என்ற ஐரிஷ் அதிகாரி. பஞ்சத்தில் சாலையோரம் மக்கள் விழுந்து கிடக்கும் பக்கங்களை வாசிக்கும்போது என் குரல் நின்றுவிட்டது. அத்தைதான் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கேட்டார்: "இந்த ஜனங்க எந்தக் கப்பல்ல ஏறினாங்க?"

அவருக்கு அது இயல்பான கேள்வி. 1860 நவம்பர் 16-ல் ஒப்பந்தக் கூலிகளோடு மெட்ராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் இங்கே நங்கூரம் போட்டது. 1866-ல் நின்ற ஆள் பிடிப்பு 1874-ல் மறுபடி தொடங்கியது. இரண்டே வருடத்தில் தாது வருஷம். 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வருட ஒப்பந்தத்தில் நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கும் இந்தப் பகுதிக்கு, வந்தார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் துறைமுகம் வழியாக. அந்தப் பஞ்சத்தின் மறுபாதி இங்கே கரும்பு வெட்டிக்கொண்டிருந்தது. நாவலோ கடைசி வரை எய்டனோடுதான் இருக்கிறது. ஒரு குடும்பம் கப்பல் ஏணியில் ஏறாதா, கதையும் கூடவே ஏறாதா என்று நானும் அத்தையும் கடைசி அத்தியாயம் வரை காத்திருந்தோம்.

ஆசிரியர் எழுத எடுத்துக்கொண்டது ஐஸ் ஹவுஸ் கதை, நேட்டால் கதையல்ல. அதைக் கேட்பது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வாங்கிய எல்லா வகை நாவலிலும் இதுவே நடந்தால் என்ன செய்வது? கடல் தாண்டிப் போனவன் திரும்பி வந்தால்தான் பாத்திரம். திரும்பாவிட்டால் அவன் ஒரு வரி: 'அவன் கப்பலேறிப் போய்விட்டான்.' அந்த ஒரு வரியின் பேரன் பேத்திகள்தான் எங்கள் தெரு முழுக்க இருக்கிறார்கள்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. மு. ராஜேந்திரனின் 'காலா பாணி' கப்பலோடு போகிறது. 1802-ல் சிவகங்கையின் பெரிய உடையணத் தேவரையும் கூட இருந்தவர்களையும் பினாங்குக்கு நாடு கடத்திய கதை. 2022-ல் அகாதெமி விருது பெற்றது. ஆவணம் ஆவணமாகத் தேடி எழுதியிருக்கிறார். சில இடங்களில் அந்த ஆவணமே கதையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, உரக்க வாசிக்கும்போது வாய் வலிக்கிறது. ஆனாலும் ஆட்கள் கப்பல் தளத்தில் மூச்சு விடுகிறார்கள். அதற்காகவே அத்தை அதை இரண்டாம் முறை கேட்டார். ஷோபாசக்தியின் 'ஸலாம் அலைக்' பிரான்ஸில் வாழும் அகதியின் கதை. அதில் கடலுக்கு இந்தப் பக்கத்து வாழ்க்கை முழுசாக இருக்கிறது. மலேசியத் தோட்டங்களுக்கும் நாவல்கள் உண்டு. என் அலமாரியில் நேட்டாலுக்குத்தான் இல்லை.

தோழிக்கு என்ன சொல்வது? நான் படித்ததில் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது 'நீர்வழிப் படூஉம்' என்று மேலே எழுதிவிட்டேன். அதை வாங்க வேண்டாம், என் பிரதியைத் தருகிறேன், இனி பிரியாது. துப்பறியும் நாவலை விமான நிலையத்தில் வாங்கிக்கொள், விமானம் தோஹாவில் இறங்குவதற்குள் முடிந்துவிடும். பெட்டியில் ஒரு இடத்தை மட்டும் 'வெள்ளை யானை'க்கு ஒதுக்கு. இவ்வளவு குறை சொன்ன பிறகும் அதைத்தான் சொல்கிறேன். உனக்கு ஒன்று வாங்கு, முடிந்தால் எனக்கும் ஒன்று. என்னுடையதைக் கடன் கொடுக்க முடியாது.

ஏனென்றால் அதற்குள் ஒரு தாள் இருக்கிறது. ஆவணக் காப்பகத்தில் கப்பல் பதிவேட்டிலிருந்து என் கணவர் எடுத்து வந்த நகல், அத்தையின் தாத்தாவுடைய அப்பா பற்றியது. ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது 22, வட ஆற்காடு ஜில்லா, உயரம், அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. பஞ்சப் பக்கங்களுக்கு நடுவில்தான் அத்தை அதை வைக்கச் சொன்னார். புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம் தாளை வாங்கி விரலால் தடவிப் பார்ப்பார்.

"தழும்பு எப்படி வந்ததுன்னு போட்டிருக்காம்மா?"

"போடலை அத்தை."

"சரி, நீ படி."