பல்கலைக்கழக நல்கையா, ஊர்க் கொடையா? ஒப்பாரியை வைத்து எடுத்த முடிவு

காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் தாலாட்டு, கும்மி, நடவுப்பாட்டு, ஒப்பாரி ஆகியவற்றை முதியவர்களிடம் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அவற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். கடைசியில் பாடியவர்களும் கற்றவர்களும் ஒரே மேடையில் அமர வேண்டும். இதுதான் எங்கள் திட்டம். பணத்துக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று, சமூகத்தோடு சேர்ந்து செய்யும் இசைத் திட்டங்களுக்குப் பல்கலைக்கழகம் தரும் சிறு நல்கை. மற்றொன்று, ஊரில் பெரிய வீட்டார் நடத்தும் அறக்கட்டளை. நாங்கள் நல்கையை எடுத்துக்கொண்டோம். இப்படியொரு திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் சாய்வு நல்கையின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அரசு வழியில் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம், தில்லியின் சங்கீத நாடக அகாதெமி ஆகியவை உண்டு. அங்கே நான் விண்ணப்பித்ததில்லை. ஆகவே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செட்டிநாட்டில் கொடையையும் பல்கலைக்கழகத்தையும் எதிரெதிராக நிறுத்துவதே சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார்தான் 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் அமைத்தார். 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியதற்கும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதற்கும் பின்னால் இருந்தவரும் அவரே. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் தொடங்கிய கல்லூரிதான் வேர். 1985இல் அவர் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகம் வந்தது. இங்கே பல்கலைக்கழகம் என்பதே ஒரு கொடைதான். ஆனால் கொடுப்பவர் நேரில் இருந்து கொடுக்கும் பணமும், விதிமுறை வழியாக வரும் பணமும் நடந்துகொள்ளும் விதம் வேறு.

வேகத்தில் கொடைக்கு நிகரில்லை. கொடையாளர் வீட்டு முகப்பில் உட்கார்ந்து காப்பி குடித்து முடிப்பதற்குள் பேச்சு முடிந்துவிடும். நல்கை அப்படியல்ல. பேராசிரியர் ஒருவர் முதன்மை ஆய்வாளராகக் கையெழுத்திட வேண்டும். நம்மைப் போன்ற வெளியாட்கள் அவருடன் இணைந்துதான் வர முடியும். விண்ணப்பத்தைப் பார்க்கும் பல்கலைக்கழகக் குழு கூட வேண்டும். முதல் தவணைக்குக் கணக்குக் காட்டிய பிறகே இரண்டாம் தவணை. அவசரமாகப் பணம் தேவையென்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேகம் அல்ல. எந்தப் பாட்டைப் பாடுவது என்று யார் சொல்வது? அந்தக் கேள்விதான்.

அறக்கட்டளைக்காரர்கள் நல்லவர்கள். பணம் மட்டுமல்ல, நிகழ்ச்சிக்குத் தங்கள் வீட்டு வளவையே, அதாவது நடுமுற்றத்தையே, தருவதாகச் சொன்னார்கள். பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போன அப்பச்சியை (அப்பாவை) பற்றி அந்த வீட்டு ஆச்சி தாலாட்டில் இழுத்துப் பாடியபோது, கேட்டுக்கொண்டிருந்த பேரன் பேத்திகள் அசையவில்லை. கும்மிக்கும் சரி என்றார்கள். ஒப்பாரி என்றதும் பேச்சு நின்றுவிட்டது. கல்யாணமும் சாந்தியும் (அறுபதாம் கல்யாணமும்) நடக்கும் வீட்டில், சாவு விழாத நாளில், மாரடித்து அழும் பாட்டை எப்படிப் பாட விடுவது? அவர்கள் தயக்கத்தில் தவறு காண எனக்கு மனமில்லை. பாடுகிற பெண்களுக்கே அதே தயக்கம் உண்டு. நாங்கள் முதலில் ஒலிப்பதிவு செய்யப் போன அம்மா, தன் குடிசைத் திண்ணையில்கூட வாய் திறக்கவில்லை. “வீட்டில் வைத்து இதைப் பாடினால் ஆகாது அப்பு” என்று சொல்லிவிட்டு, கண்மாய்க் கரைப் புளியமரத்தடிக்கு எங்களை அழைத்துப்போனார். அங்கே முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு, இறந்துபோன தன் அண்ணனை விளித்துப் பாடினார். முதல் அடி முடிவதற்குள் குரல் உடைந்தது, பாட்டு உடையவில்லை. சீதனமாகப் பேசிய நிலம் கைக்கு வராமல் போனதை அடுத்த அடியில் சொன்னார். உயிரோடிருக்கும் மற்ற அண்ணன்மாரைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டார்.

இந்தப் பாட்டை விட்டுவிட்டு எங்கள் திட்டத்தை நடத்த முடியுமா என்று நிறைய யோசித்தோம். முடியாது என்றே பட்டது. வயலில் வேலை செய்யும் பெண்கள் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு தங்கள் வழக்கைச் சொல்ல இடம் தந்த பாட்டு ஒப்பாரி. அதை நீக்கினால் மேடையில் தாலாட்டும் கும்மியும் மட்டும் மிஞ்சும். யார் மனமும் நோகாத நல்ல கலைநிகழ்ச்சியாக அது முடியும். பறை அடிப்பவர்களை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வியும் அதே வளவில் வந்திருக்கும். அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

பல்கலைக்கழகக் குழுவும் கேள்வி கேட்டது; இன்னும் கடுமையாகவே கேட்டது. ஆனால் அவை வேறு வகைக் கேள்விகள். பாடுபவரிடம் ஒப்புதல் எப்படி வாங்குவீர்கள்? எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படிவத்தை யார் வாசித்துக் காட்டுவார்? பாட்டில் வரும் உறவினர் பெயர்களை என்ன செய்வீர்கள்? பிள்ளைகளுக்கு எந்த வயதில் இதைக் கற்பிப்பீர்கள்? ஒவ்வொன்றும் திட்டத்தைச் செம்மைப்படுத்தியது. பெயர்களை நீக்கிய பதிவைத்தான் பிள்ளைகளிடம் கொண்டுபோனோம். அந்த யோசனை குழுவில் பிறந்ததுதான். ஒப்புதல் கிடைத்த பிறகு பாட்டுப் பட்டியலில் யாரும் கைவைக்கவில்லை. கல்லூரி அரங்கில் மங்கலம், அமங்கலம் என்ற பேச்சும் எழவில்லை. அந்த அம்மாவும் அங்கே தயங்காமல் பாடினார். அது யாருடைய வீடும் இல்லையே.

பணம் கொடுக்கும் முறையிலும் நல்கையே மேல் என்பேன். கொடையில் பாடகருக்குச் சேலையும் வெற்றிலைபாக்கும் வைத்து ஒரு தொகை. மனநிறைவான வழக்கம், ஆனால் ஆளுக்கு ஆள் தொகை மாறும். நல்கையில் மதிப்பூதியம் எல்லோருக்கும் ஒன்று. நூறு நாள் வேலைக்காகத் திறந்த வங்கிக் கணக்கு பெரும்பாலோரிடம் இருந்ததால் பணம் நேரே போய்விட்டது. சேலை வாங்கத்தான் எந்தச் செலவுத் தலைப்பிலும் இடமில்லை. அதை நாங்களே போட்டுக்கொண்டோம்.

கணக்கு எழுதும் பாடு இருக்கிறது. கிராமத்தில் தேநீர் வாங்கினால் கடைக்காரர் ரசீது தரமாட்டார். பயணத்துக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் இருந்தாலும் அதை மதிப்பூதியத்துக்கு மாற்ற எழுத்தில் அனுமதி வேண்டும். மார்ச் 31க்குள் செலவாகாததைத் திருப்பிக் கட்ட வேண்டும். பணம் உரிய வேலைக்கே செலவானது என்று பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். நல்கையில் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவி துறையின் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிடும், நம்முடையது ஆகாது. கூட்டத்தில் ஒருவர் இந்த வேலையை மட்டும் பொறுப்பாக எடுத்துக்கொண்டால் தாங்கலாம்.

கொடை தெளிவாக முந்தும் இடம் ஒன்று உண்டு. முதலைப் போட்டுவைத்து வட்டியில் ஆண்டுதோறும் கட்டளை நடத்துவது இந்த ஊர்க்காரர்களுக்குத் தலைமுறைப் பழக்கம். நல்கை முடிந்தால் முடிந்ததுதான். நாங்கள் ஒரு சுற்றுதான் பார்த்திருக்கிறோம். மறுபடி விண்ணப்பித்தால் எவ்வளவு எளிதாகக் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. உங்கள் திட்டம் தாலாட்டு, கும்மி, தேவாரம் என்ற அளவில் நிற்குமானால், தயங்காமல் அறக்கட்டளைக்குப் போங்கள். ஒப்பாரியோ பறையோ உள்ளே வருமென்றால், கொடையாளரைப் பார்க்கும் முன் பேராசிரியர் ஒருவரைத் தேடுங்கள். நாங்கள் அடுத்த ஆண்டு இரண்டையும் கேட்கப்போகிறோம்: பதிவுக்கும் மேடைக்கும் நல்கை, ஒத்திகை நாட்களில் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு அந்த வீட்டாரின் கொடை. சாப்பாடு போடுவதற்கு அவர்கள் சம்மதித்துவிட்டார்கள்.