கும்ப்ளேவா, அஸ்வினா?

இந்தியச் சுழற்பந்து வீச்சாளர்களில் யார் பெரியவர்? மதுரை சிம்மக்கல் டீக்கடையில் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

விக்கெட்: கும்ப்ளே 132 டெஸ்டில் 619, அஸ்வின் 106 டெஸ்டில் 537. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை என்று பார்த்தால் அஸ்வின் முந்துகிறார்.

பந்து: கும்ப்ளே அதிகம் திருப்பமாட்டார், பந்து தரையில் பட்டதும் விர்ரென்று வந்து காலில் மோதும். அஸ்வின் கேரம் காய்போல நடுவிரலால் சுண்டுவார்.

பேட்டிங்: கும்ப்ளேவுக்குச் சதம் ஒன்று, அஸ்வினுக்கு ஆறு. பேச்சே இல்லை.

ஆட்டம்: அஸ்வினுக்கு 2021 சேப்பாக்கம், 5 விக்கெட்டோடு 106 ரன். சரி, 1999 டெல்லி? ஒரே இன்னிங்ஸில் பாகிஸ்தானின் பத்துப் பேரையும் 74 ரன் மட்டும் கொடுத்துச் சாய்த்தார் கும்ப்ளே. ஒன்பது விழுந்ததும், பத்தாவதும் கும்ப்ளேவுக்கே கிடைக்கட்டும் என்று மறுமுனையில் ஸ்ரீநாத் ஸ்டம்பை விட்டு விலக்கியே வீசினார். அப்புறம் அக்ரம், லட்சுமண் கையில் கேட்ச்.

சுழல் பழகும் பையனுக்கு அஸ்வினைக் காட்டுங்கள். ராத்திரி தூக்கம் வராதவருக்கு அந்த டெல்லி ஆட்டம்தான்.