தனி ஆளாக அனிமேஷன் படம்: பிளெண்டரோடு சில வருடங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு ஃபிளாட் அறை, சுமாரான கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப், வரைய ஒரு பேனா டேப்லெட். என் தமிழ்க் குறும்படங்கள் எல்லாமே இவற்றில் உருவானவைதான். மென்பொருள், முப்பரிமாண அனிமேஷனுக்கான பிளெண்டர். 2019-இல் 2.8 பதிப்பு வந்ததிலிருந்து அதை விடவில்லை. இலவசம் என்றுதான் கையில் எடுத்தேன். விடாமல் இருப்பதற்குக் காரணம், கதைப்பலகையில் தொடங்கி வரைதல், கேமரா, எடிட்டிங் வரை ஒரே மென்பொருளுக்குள் முடிந்துவிடுவது. ஸ்டூடியோவில் ஒரு ஷாட்டைக் கைமாற்றிவிட ஆள் இருப்பார்கள். தனி ஆளுக்கு அந்த அலைச்சலே பாதி இரவைத் தின்றுவிடும்.

நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 1,440. இரண்டு ஃபிரேமுக்கு ஒரு ஓவியம் போதும் என்று வைத்தாலும் எட்டு நிமிடப் படத்துக்கு 5,760 ஓவியங்கள். பகலில் சம்பள வேலை பார்ப்பவர் இதை முழுக்கக் கையால் வரைந்து தீர்க்க முடியாது. அங்கேதான் பிளெண்டரின் வரைகருவியான கிரீஸ் பென்சில் உதவுகிறது. முப்பரிமாண வெளிக்குள்ளேயே கோடு வரையலாம். பால்மரக் (ரப்பர்) காட்டை ஒரு முறை அமைத்துவிட்டால் கேமரா நகர நகர மரங்கள் தாமாக விலகும். ஆட்களை மட்டும் வரைந்தால் போதும்.

ரப்பர் தோட்டத்தைப் பற்றிய என் படம் பெரும்பாலும் விடியுமுன் நடக்கிறது. பால்வெட்டப் போகிறவரின் நெற்றி விளக்கு காட்டும் வட்டத்தில் மரப்பட்டை, கத்தி, பால் வடியும் மங்கு, விரல்கள். மிச்சமெல்லாம் இருட்டு. வேலை குறைந்தது உண்மைதான். ஆனால் தோட்டத்தில் உழைத்த என் பெரியம்மா கண்ட காடும் அதுதான். "வெளக்குக்கு அந்தாண்ட என்ன இருக்குன்னு யாரு பாத்தா?" என்றார். எல்லாவற்றையும் காட்டிவிட ஆசைப்பட்டுப் பாதியில் களைத்துப்போன தனியாள் படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். கதைக்கு எது தெரிய வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்தவர்கள்தான் முடிக்கிறார்கள்.

லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் அப்படித்தான் 2019-இல் 75 நிமிடப் படம் ஒன்றை இசை உட்படத் தனியாகவே முடித்தார். வசனமே கிடையாது, ஒரு பையன், ஒரு பறவை, ஒரு மோட்டார் சைக்கிள், துரத்தி வரும் ஓர் உருவம். அடுத்து ஒரு குழுவோடு பிளெண்டரில் எடுத்த 'ஃப்ளோ' 2025-இல் ஆஸ்கர் வாங்கியது. அதை ரெண்டர் செய்தது, அதாவது காட்சிகளைக் கணக்கிட்டு இறுதிப் படங்களாக எடுத்தது, பிளெண்டரின் ஈவீ என்ற ரெண்டர் இயந்திரத்தில்.

நானும் ஈவீதான். பிளெண்டரின் இன்னொரு ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸ் ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து கணக்கிடுவதால் அழகாக வரும். ஆனால் ஃபிரேமுக்கு இரண்டு நிமிடம் பிடித்தால் ஒரு நிமிடப் படத்துக்கு 48 மணி நேரம். ஈவீ நொடிகளில் முடிக்கும். இன்னொன்று, வீடியோவாக ரெண்டர் செய்யாதீர்கள், ஃபிரேமுக்கு ஒரு கோப்பாகப் பிஎன்ஜி படவரிசையாகச் செய்யுங்கள். கோலாலம்பூரின் சாயங்கால இடிமழையில் கரண்ட் டிரிப் ஆனாலும் முடிந்த ஃபிரேம்கள் பத்திரமாக இருக்கும், விட்ட எண்ணிலிருந்து தொடரலாம்.

தமிழில் எழுத்துப் போடுபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நான் பயன்படுத்திய பதிப்புகளில் எழுத்துக் கருவி நம் எழுத்துகளைச் சரியாகக் கோர்ப்பதில்லை. 'கொ' என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கும். தலைப்பு அட்டைகளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தைப் பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, எஸ்விஜி கோப்பாக உள்ளே கொண்டுவருகிறேன். கூடுதல் வேலைதான். ஆனால் எழுத்து உடைந்த தமிழோடு ஒரு தமிழ்ப் படத்தை வெளியிட எனக்கு மனம் வராது.

படம் பாதியில் இருக்கும்போது பதிப்பை மாற்ற வேண்டாம். பிளெண்டர் 4.3-இல் கிரீஸ் பென்சில் உள்ளுக்குள் புதிதாக எழுதப்பட்டது. பழைய கோப்புகள் திறந்தாலும், அதற்கென எழுதிய துணைநிரல்களைத் திருத்த வேண்டியிருந்தது. இரண்டு வருடம் திருத்தங்கள் கிடைக்கும் எல்டிஎஸ் பதிப்பில் தொடங்கி அதிலேயே முடிப்பது நல்லது.

ஒலிக் கலவைக்கு மட்டும் வேறு மென்பொருள் தேடிக்கொள்ளுங்கள். குரலைப் படம் வரையுமுன்பே பதிவு செய்துவிடுவது என் வழக்கம். விசிறியை நிறுத்திவிட்டுப் பெரியம்மாவைப் பேச வைத்தேன். அவர் மூச்சு வாங்கும் இடம், தயங்கும் இடம் எல்லாம் டைம்லைனில் தெரியும். எந்த ஷாட் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அந்தக் குரலை வைத்தே முடிவு செய்தேன்.